எல்லாரும் அழுத படம்

எண்பதுகளில், கிள்ளான் டவுன் தியேட்டரில் ஊரே கொண்டாடிய பழைய குடும்பப் படம் ஒன்றை மறுபடியும் போட்டார்கள். புருஷன் என்னைக் கூட்டிப் போனான். கடைசியில், தன்னை அடித்துக் கையை ஒடித்த கணவனின் காலிலேயே கதாநாயகி விழுந்தாள். தியேட்டரே அழுதது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வெளியே வந்ததும், "படம் எப்படி?" என்றான்.

"அவ எதுக்குக் கால்ல விழணும்? எனக்குப் பிடிக்கல."

அறைந்தான். உதடு கிழிந்தது. முடியைப் பிடித்து மறுபடி ஓங்கினான். உள்ளே அழுதவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

வாசலில் கடலை விற்ற அக்கா ஓடிவந்து, இரும்புக் கரண்டியால் அவன் மணிக்கட்டில் ஒரு போடு போட்டார். அவன் அலறிக்கொண்டு கையை விட்டான்.

"போதும் லா! இன்னொரு தடவ தொட்டே, மண்டைய உடைப்பேன்!"

பிரிக்பீல்ட்ஸில் இருந்த அண்ணன் வீட்டுக்கு அவரே என்னை பஸ் ஏற்றிவிட்டார். நான் திரும்பிப் போகவேயில்லை.

அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.