நன்றாக ஓடிய லேப்டாப்பை நான் சரிசெய்த வாரம்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் கெட்டுப்போன மிஷினோடு வருகிறவர்களால் நமக்கு ஆபத்தில்லை. ஓடிக்கொண்டிருக்கிற மிஷினில் நாமாகக் கை வைக்கும்போதுதான் சனி பிடிக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பிழைத்தவர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் இப்படி ஒரு வாரம் வாய்த்திருக்கும்.

சத்தம்

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் எங்கள் பனியன் நகரத்தின் ராயபுரத்தில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருந்தேன். மண்ணரையில் டி-ஷர்ட்டுக்குப் பிரிண்டிங் போடும் மயில்சாமி என் வாடிக்கையாளர். அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து கேமிங் லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் யாரும் கேம் ஆடவில்லை. டிசைனர் ரெஜினா டி-ஷர்ட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். உள்ளே இருந்த விசிறி மட்டும் ஓவர்லாக் தையல் மிஷின் மாதிரி இரையும்.

திங்கட்கிழமை பிரிண்டருக்கு டோனர் மாற்றப் போனவன், மாற்றிவிட்டு வந்திருக்கலாம். விசிறிச் சத்தம் குறைய லேப்டாப் கம்பெனியே புது பயாஸ் விட்டிருக்கிறது, பத்து நிமிட வேலை என்று நானாகச் சொன்னேன். விண்டோஸ் வருவதற்கு முன்னால் மிஷினை எழுப்பிவிடும் குட்டி புரோகிராம்தான் பயாஸ். அதை மாற்றும்போது கரண்ட் போகக் கூடாது. லேப்டாப்பின் பேட்டரி செத்திருந்தது. யு.பி.எஸ். இருக்கிறதே என்ற தைரியத்தில் ஆரம்பித்துவிட்டு, ஒரு போன் வந்ததால் வாசலுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் திரை கறுப்பு. பவர் பட்டனை இருபது முறை அமுக்கியிருப்பேன். விளக்கு எரிந்தது, வேறு எதுவும் வரவில்லை. ரெஜினா பக்கத்தில் வந்து காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரியே சத்தம் நின்னுடுச்சுங்க சார்."

விசாரணை

லேப்டாப்பின் சுவிட்சை அணைத்தது மயில்சாமியின் அப்பா. கம்பெனியைச் சுற்றிவந்து, ஆளில்லாத இடத்தில் எரியும் லைட்டையும் ஃபேனையும் நிறுத்துவது அவர் தினமும் செய்யும் வேலை. மயில்சாமி தயங்கித் தயங்கிக் கேட்டார். பெரியவர் ஒளிக்கவில்லை, பெருமையாகவே ஒத்துக்கொண்டார்: "ஒரு கோடு மட்டும் ஊர்ந்துட்டிருந்துச்சு தம்பி, பக்கத்துல ஒரு ஆளுமில்ல, எதுக்கு வீணாப் போகோணும்னு நிறுத்திப்போட்டேன்."

ஆறு கைகள்

வியாழக்கிழமை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சரக்கு வாங்கித்தரும் பையிங் ஆபீஸிலிருந்து ஒருவர் டிசைன் பார்க்க வருவதாக இருந்தது. ரெஜினா மூன்று வாரமாக வரைந்த பன்னிரண்டு டிசைனும் அந்த லேப்டாப்பில்தான் இருந்தன. இந்த ஆர்டரை நம்பித்தான் மயில்சாமி புது பிரிண்டிங் டேபிள் போட்டிருந்தார். நான் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, படங்கள் பத்திரமாக இருப்பதைக் காட்டினேன். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த ரெஜினா அப்போதுதான் உட்கார்ந்தார். ஆனால் அந்தப் பெரிய ஃபைல்களைத் திறந்து வேலை செய்ய மற்ற கம்ப்யூட்டருக்குத் திராணியில்லை. கழற்றும்போது இன்னொன்றையும் பார்த்தேன். விசிறியில் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருந்தது. சத்தத்துக்குக் காரணம் அதுதான். யாரும் பார்க்காமல் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

செத்த பயாஸை எழுப்ப ஒரு வழி உண்டு என்று நெட்டில் யாரோ எழுதியிருந்தார். பென் டிரைவில் பயாஸ் ஃபைலைப் போட்டுச் செருகி, இரண்டு கீயை அமுக்கியபடியே சார்ஜரை மாட்டி, பவர் பட்டனைத் தட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை ரெஜினா கீயை அமுக்கினார், மயில்சாமி சார்ஜரை மாட்டினார், நான் பட்டனைத் தட்டினேன். எட்டு முறை ஒன்றுமில்லை. பென் டிரைவை மாற்றினோம். ஒன்பதாவது முறை அதன் விளக்கு மினுக்கியது. திரும்பிப் பார்த்தால், பெரியவர் சுவிட்ச் போர்டை முதுகால் மறைத்துக்கொண்டு கைகட்டி நின்றிருந்தார். "இப்ப ஆள் இருக்குது தம்பி, ஓடட்டும்."

நீலத் திரை

ஹார்ட் டிஸ்கைத் திரும்ப மாட்டினேன். பயாஸ் வந்தது, விண்டோஸ் வரவில்லை. லோகோ தெரியும், நீலத் திரை அடிக்கும், மறுபடி முதலிலிருந்து. புதன்கிழமை காலை முழுக்க அப்படியே சுற்றியது. கோயமுத்தூரில் இருந்த தொழில் நண்பருக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் அடித்துவிடு என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். டிசைன் சாஃப்ட்வேரின் சிடி எங்கே என்று யாருக்கும் தெரியாததால் எனக்கு மனம் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல்தான் புரிந்தது. ஹார்ட் டிஸ்கோடு பேசும் முறையைப் புது பயாஸ் மாற்றி வைத்திருந்தது. அந்தப் பாஷை விண்டோஸுக்குத் தெரியவில்லை. செட்டிங்கில் ஒரு வரியைப் பழையபடி மாற்றியதும் ரெஜினாவின் படங்கள் திரையில் வந்து நின்றன.

அவருக்குச் சந்தோஷத்தைவிட அதிர்ச்சிதான் அதிகம். "ஒரு வரிதானுங்களா சார்? நான் வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்னு வேண்டிக்கிட்டேனுங்களே."

தேதி

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மயில்சாமி போனில் கூப்பிட்டார். அச்சடித்த டிசைன் தாள்களின் மூலையில் தேதி தானாக விழுந்திருந்தது. வருடம் இரண்டாயிரத்து இரண்டு. பயாஸ் மாறியதில் கடிகாரம் பின்னால் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. வேறு யாரோ தள்ளிவிட்ட பழைய சரக்கை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று பையிங் ஆபீஸ்காரர் பையை எடுத்துவிட்டாராம்.

நான் ஓடிப்போய் அவர் முன்னாலேயே தப்பு என்னுடையது என்று சொல்லித் தேதியை மாற்றினேன். ரெஜினா பென்சிலில் வரைந்து பார்த்த நோட்டைக் கொண்டுவந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். பையிங் ஆபீஸ்காரர் நிதானமாகப் பார்த்து நான்கு டிசைனைத் தனியே எடுத்து வைத்தார். போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "டெலிவரி தேதியை மட்டும் இந்த மிஷின்ல பாத்துச் சொல்லிடாதீங்க."

நான்கு நாள் உழைப்பையும் கூட்டிப் பார்த்தால், விசிறியில் பஞ்சு போனதைத் தவிர, திங்கட்கிழமை காலையில் இருந்த நிலைக்கே ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன், அதற்கு எல்லோரும் எனக்கு நன்றி வேறு சொன்னார்கள்.