இரண்டு பேஸ் கிடாருக்கு ஒரு பை

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரியாது. ஆனால் பையைப் பற்றி யாராவது எனக்குச் சொல்லித்தர வந்தால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் மாட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டில் பதினோரு வருஷம் கித்தான் பை தைத்தவள் நான். பட்டாளத்துக்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போகிற பச்சைப் பை. அதில் எத்தனை என் கையால் போனது என்று எனக்கே தெரியாது.

நான் சொல்லப்போகும் பை அந்த ஷெட்டில் தைத்தது இல்லை. கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்தது. என் நாத்தனாருக்காக.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் என் வீட்டுக்காரருக்கு வேலை; குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவருடைய தங்கையும் எங்களோடுதான் இருந்தாள். ஒரு மெல்லிசைக் குழுவில் பாடப் போனவள், பாட்டை விட்டுவிட்டு பேஸ் கிடார் வாசிக்கிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, அதைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். நாலே கம்பி, ஒவ்வொன்றும் கொடிக்கம்பி தடிமன். அவர் துபாய்க்குக் கிளம்பும்போது தன்னிடம் இருந்த இரண்டு கிடாரையும் இவளுக்கே கொடுத்துவிட்டுப் போனார். குழுவில் அவர் இடமும் இவளுக்கு வந்தது.

ஏன் இரண்டு என்று நானும் கேட்டேன். ஒன்றின் கழுத்தில் ஏணிப்படி மாதிரிக் குறுக்கே கம்பி பதித்திருக்கும். இன்னொன்றின் கழுத்து வழவழவென்று இருக்கும், ஒரு கோடுகூடக் கிடையாது. முதலாவது தும் தும் என்று அடித்து நிற்கும். இரண்டாவது வழுக்கிக்கொண்டு போகும், உடம்பு சரியில்லாத ஆள் முனகுவதைப் போல. சில பாட்டுக்கு அது வேண்டும், சில பாட்டுக்கு இது வேண்டும்.

மெல்லிய ரெக்சின் உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு மின்சார ரயில் ஏறுவாள். ஒரு நாள் வில்லிவாக்கத்தில் இறங்கும்போது ஒரு உறை கதவுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. ரயில் நகர்ந்தது. இவள் இழுத்தாள், உறை கிழிந்து பிளாட்பாரத்தில் விழுந்தாள். கிடாருக்கு ஒன்றுமில்லை, முழங்கைதான் சிராய்த்தது. ஆனால் கச்சேரிக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு பாட்டு முடிந்திருந்தது.

குழுத் தலைவர் அங்கேயே சொல்லிவிட்டார்: "ஆடி பொறக்கப்போவுது. பொறந்துச்சின்னா ஊருக்கு ஊரு அம்மன் கோயில் கச்சேரி. ஒரே பையில ரெண்டையும் போட்டுகினு, யார் கையையும் எதிர்பாக்காம, நேரத்துக்கு வரணும். வர்ற ஞாயித்துக்கெழம ரிகர்சல். அன்னிக்கி முடியலன்னா பெரம்பூர்ல ஒரு ஆளு கீறாரு, அவர உக்கார வச்சிருவேன். பொம்பளையாச்சேன்னு பாத்துகினு கீறேன், தெரிதா?"

அழாமல்தான் வீட்டுக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "ஒண்ண வித்துடு பாப்பா. ஒண்ணு போதும்" என்றார்.

"எத்த விக்கச் சொல்றண்ணா? பாட்டுல பாதியவா?"

"பொண்ணு பாக்க வந்தவங்க கட்டிலுக்கடியில ரெண்டையும் பாத்துட்டு இன்னா கேட்டாங்க, நெனப்பு கீதா? உங்க ஊட்ல யாரு கூத்தாடறதுன்னு கேட்டாங்க. எனக்கு மூஞ்சி எங்க வச்சிக்கறதுன்னு தெரியல."

"கேட்டவன கட்டிக்கவா சொல்ற?"

நான் அடுப்படியிலிருந்து சொன்னேன்: "ஒண்ணும் விக்கத் தேவையில்ல. சனிக்கெழம லீவு போட்டுட்டு நான் அவளோட கடைக்குப் போறேன்."

அவர் சிரித்துவிட்டார். "நீயா? ரேஷன் கடையில கிஸ்ணாயில் கேக்கவே என்ன முன்னால தள்ளிவுடுவ. நீ மவுண்ட் ரோட்டுல போய்ப் பேசப்போறியா?"

அவர் சொன்னது பொய்யில்லை. தெரியாத ஆள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பேன். ஆனாலும் சொன்னேன்: "பேசத் தேவையில்ல. பையத் திருப்பிப் பாத்தா போதும்."

சனிக்கிழமை போனோம். கண்ணாடிக் கதவு போட்ட வாத்தியக் கடை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேஸ் கிடார் ஒன்றாகப் போகிற பை வேண்டும் என்று நாத்தனார் கேட்டாள்.

"யாருக்கும்மா? அண்ணனுக்கா, வீட்டுக்காரருக்கா?"

"எனக்கு."

"ரெண்டுமா?"

"ரெண்டும் எனக்குத்தான்."

அவர் கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கறுப்புப் பையைக் கொண்டுவந்தார். இரண்டு கிடார் போகும். தொட்டால் மெத்து மெத்தென்று ஸ்பாஞ்சு. பளபளவென்று ஜிப். வெளிநாட்டுச் சரக்கு என்றார். நாத்தனார் அதைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, மனசைக் கொடுத்துவிட்டாள்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. தைத்து முடித்த பையை யாராவது வெளிப்பக்கம் பார்த்தால் மேஸ்திரி கத்துவார். 'உள்ள திருப்பு. பை மூஞ்சியால தூக்கறதில்ல, தையலால தூக்குது' என்பார். நான் அந்தக் கறுப்புப் பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டுத் திருப்பினேன். தோளில் மாட்டுகிற பட்டையை வெளித்துணியோடு மட்டும் வைத்துத் தைத்திருந்தார்கள். பின்னால் ஒட்டுத்துணி இல்லை, ஒன்றுமில்லை. அடியைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு பட்டையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். டுப் என்று இரண்டு தையல் விட்டது.

"அம்மா! இன்னா பண்றீங்க? பை வாங்க வந்தீங்களா, கெணத்துல தண்ணி எறைக்க வந்தீங்களா?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது எனக்கு. வேறு ஒரு நாளாக இருந்தால் படியிறங்கியிருப்பேன். அன்றைக்கு நகரவில்லை.

"இந்தப் பட்டை பிஞ்சி கிடார் விழுந்தா வேற கிடார் குடுப்பீங்களா?"

"இது ஃபாரின் பைம்மா!"

"ஃபாரின்ல கிடார் எடை கம்மியா?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சிரித்தவர்கள் இப்போது கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பரண்மேல் பச்சையாக ஏதோ மடித்துக் கிடந்தது. அது என்ன என்று கையைக் காட்டினேன். ஒரு பேண்டு செட்டுக்காரர் சொல்லித் தைத்தது, அப்புறம் அவர் வாங்க வரவில்லை, பார்க்க நன்றாக இருக்காது என்றார். இறக்கச் சொன்னேன். தூசி தட்டித் திருப்பினேன். கெட்டிக் கித்தான். நடுவில் கம்பளி வைத்துத் தைத்த தடுப்பு, பக்கத்துக்கு ஒரு கிடார். பட்டை பையின் அடிவயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்து இரண்டு பக்கமும் ஏறியிருந்தது. பிடிக்கும் இடங்களில் எல்லாம் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டுத் தைத்திருந்தது.

"இதான்" என்றேன்.

"அண்ணி, வேணாம் அண்ணி" என்றாள் காதோடு. "இத்த தூக்கிகினு போனா பாம்பு புடிக்க வந்தவன்னு நெனப்பாங்க."

"நெனக்கட்டும்."

"உங்களுக்குப் புரியல. அங்க நான் ஒருத்திதான் பொம்பள. ஏற்கெனவே சிரிக்கிறானுங்கோ. இத்த வேற பாத்து சிரிக்கணுமா?"

அவள் கண் கலங்கியது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த வயசில் பளபளப்பாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்ற ஆசை இருக்காதா? இருந்தாலும் விடவில்லை.

"இது பாத்தா சிரிப்பாங்க, அவ்ளோதான். அது நடுவழியில பிஞ்சா சிரிக்க மாட்டாங்க பாப்பா. ஆளையே மாத்திருவாங்க. எது வேணும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாங்குவதற்கு முன்னால் தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும் என்றேன். ஷெட்டில் அப்படித்தான், பை நிறையச் செங்கல் போட்டுக் கொக்கியில் மாட்டிவிடுவோம், டீ குடித்துவிட்டு வந்து பார்ப்போம்.

"எங்க தொங்கவுடறது? என் கழுத்துலயா?" என்றார் கடைக்காரர். ஆனால் அவருக்கும் பார்க்க ஆசை வந்துவிட்டது போல. டிரம்ஸ் நிறுத்துகிற இரும்புக் கால்களைக் கொண்டுவந்து பைக்குள் அடுக்கினார். இரண்டு கிடார் எடைக்குக் கூடவே இருக்கும். ஷட்டருக்கு மேலே இருந்த இரும்புக் கொக்கியில் மாட்டினோம். அவர் டீ வரவழைத்துக் குடித்து முடிக்கிற வரை நின்றோம். பட்டை ஒரு நூல்கூட இறங்கவில்லை. எங்களுக்கும் டீ சொல்லியிருந்தார்.

அந்தப் பையைத்தான் வாங்கினோம். ரயிலில் திரும்பும்போது அவள் என்னோடு பேசவில்லை.

இங்கே என் தப்பையும் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடார்களைப் பைக்குள் வைக்கும்போது, "ரெண்டுக்கும் தல மேல தானே அண்ணி?" என்று கேட்டாள். நான் பட்டாளத்துப் பை தைத்தவள் இல்லையா, எனக்குத் தெரிந்தது பூட்ஸ். பூட்ஸ் ஜோடியை ஒன்றின் குதிகாலுக்கு இன்னொன்றின் மூக்கு வருகிற மாதிரி மாற்றி வைத்தால்தான் பை தட்டையாகப் படுக்கும். "ஒண்ணு மேல, ஒண்ணு கீழ வை" என்றேன். கடையில் நான் பேசியதைப் பார்த்தவள், மறுபேச்சு இல்லாமல் அப்படியே வைத்தாள். கோடு இல்லாத கிடார் தலைகீழாகப் போனது.

நானும் கூடப் போனேன். ஆவடியில் ஏறும்போது, வில்லிவாக்கத்தில் இறங்கும்போது, படிக்கட்டுக்குக் கீழே மூச்சு வாங்கும்போது, அவள் பையை இறக்கி வைத்த இடத்தில் எல்லாம் அந்தக் கிடார் தன் தலைமேல் நின்றது. கம்பியை முறுக்குகிற காதுகள் அந்தத் தலையில்தான் இருக்கின்றன. எனக்கு அது தோன்றவே இல்லை.

ரிகர்சல் ஒரு மாடி ஹாலில். நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டோம். ஆனால் பெரம்பூர் ஆள் அதற்கும் முன்னால் வந்து, மடியில் தன் கிடாரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மீசை. நான் கதவோரம் நின்றுகொண்டேன்.

பையைப் பார்த்ததும் டிரம்ஸ்காரர் ஆரம்பித்தார்: "இன்னாமா, டெண்ட் அடிச்சி இங்கயே தங்கப்போறியா?" எல்லோரும் சிரித்தார்கள். அவள் காதில் வாங்காமல் ஜிப்பைத் திறந்தாள். முதல் பாட்டுக்குக் கோடு இல்லாத கிடார்தான் வேண்டுமாம். எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினாள். எருமை தண்ணீருக்குள்ளிருந்து கத்தியதைப் போல ஒரு சத்தம் வந்தது. நாலு கம்பியில் மூன்று தளர்ந்து போயிருந்தது.

தலைவர் தலையில் கையை வைத்தார். மீசைக்காரர் எழுந்தார். "உடுங்க, நான் பாத்துக்கறேன்."

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். அண்ணிதான் இப்படி வைக்கச் சொன்னாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஒரு நிமிஷம்ணே" என்றாள்.

"உனக்கு எப்பப் பாரு ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் மீசைக்காரர் பக்கம் கையை நீட்டினார்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஹால் முழுக்க ஆண்பிள்ளைகள். முந்தானை கையில்தான் இருந்தது, வாயில் இல்லை.

"தலகீழா வைக்கச் சொன்னது நானு. தப்பு என்னுது. நீங்க ஒரு பை கேட்டீங்க, ரெண்டு கிடாரு கேட்டீங்க, நேரத்துக்கு வரச் சொன்னீங்க. மூணும் வந்திருக்குது. ஒரு நிமிஷம் குடுத்தா இன்னா கொறஞ்சிடும்?"

தலைவர் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் காதைச் சொறிந்துகொண்டார். அதற்குள் அவள் மரத்தில் காதை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு கம்பியாக முறுக்கினாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தலையை ஆட்டினாள். பாட்டு ஆரம்பித்தது.

பாட்டைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்றேன். இது மட்டும் சொல்கிறேன். அவள் விரல் அந்த வழவழப்பான கழுத்தில் சறுக்கிக்கொண்டு இறங்கியபோது, பாடுகிறவர் பாடிக்கொண்டே திரும்பி அவளைப் பார்த்தார். என் காலடியில் தரை நடுங்கியது. அடுத்த பாட்டுக்கு மற்ற கிடாரை எடுத்தாள். அது சொன்ன இடத்தில் சொன்ன மாதிரி நின்றது. நாலாவது பாட்டின்போது மீசைக்காரர் தன் கிடாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் தலைவர் சொன்னார்: "சரி, ஆடி முழுக்க நீயே வா. ஆனா அந்தப் பைய மேடைக்குக் கொண்டாராத. பாக்க அசிங்கமா கீது. வேன்லயே போட்டுடு."

"இல்லண்ணே" என்றாள் அவள். "மேடைமேலதான் வைப்பேன். என் பக்கத்துல. பாக்கறவங்க பாக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பார்க்கவில்லை. அவர் பாட்டு எழுதிவைத்த நோட்டைப் புரட்டப் போய்விட்டார்.

இரண்டு கிடாருக்கும் தலையை மேலே வைத்து ஜிப்பை இழுத்தாள். திரும்பும்போது பெண்கள் பெட்டியில் கூட்டம். கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பையைக் காலால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாமா இது, ஆள் நீட்டுக்கு? ஆளா?"

"கிடாரு" என்றேன்.

"ஒண்ணா?"

"ரெண்டு."

"யாரு வாசிக்கறது?"

"எங்க நாத்தனாரு. ஆடி முழுக்க இவதான். கொஞ்சம் கூடைய நகத்து, பை வைக்கணும்."

நகர்த்தினாள்.