கோயிலுக்கு எதிர்ப்பக்கம்

இப்போது பிரெஞ்சுத் தலைநகரத்து லா சப்பலில் தேர்த் திருவிழா என்றால் ரூ பஜோல் வீதியில் கால் வைக்க இடமிருக்காது. எண்பதுகளில் தேருமில்லை, வீதியுலாவுமில்லை. எங்களைப் போலவே பிள்ளையாரும் ஒரு வாடகை அறைக்குள்தான் குடியிருந்தார். ஆண்டுத் திருவிழாவுக்கு அவரைத் தோளில் தூக்கி அந்த அறையையே சுற்றி வருவோம். முழங்கை சுவரில் இடிக்கும்.

என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த அண்ணை உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு அகதி கார்த் என்ற வதிவிட அட்டை கிடைத்தால் பிள்ளையார் கோயிலில் பிரதட்டை செய்விப்பதாக ஊரில் அவருடைய அம்மா நேர்ந்திருந்தார். கார்த் கிடைத்துவிட்டது. இனி அண்ணை ஈர வேட்டியோடு கோயில் தரையில் உருள வேண்டும். அந்தப் பொந்துக்குள் எப்படி உருளுவது என்று நான் கேலி செய்தேன்.

"சுவரிலை முட்டினாத் திரும்பி உருளுறன். உனக்கென்ன?" என்றார்.

ஐயரும் சம்மதித்துவிட்டார். அந்த ஒரு நாள் லீவுக்கு அண்ணை முதலாளியிடம் எவ்வளவு கெஞ்சினார் என்று எனக்குத் தெரியும்.

திருவிழாவுக்கு முதல்நாள் பின்னேரம், ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு நாங்கள் நம்பியிருந்த ஃபொபூர் சேன்-தெனி வீதிக் கடைக்குத் தகவல் வந்தது. அண்ணையின் அம்மா காலமாகிவிட்டார்.

அண்ணை அழவில்லை. "அப்ப நாளைக்குக் கோயிலுக்குள்ளை போகேலாது" என்றார்.

துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. ஊருக்குப் போக வழியில்லை, பெற்றவளுக்குக் கொள்ளி வைக்க வழியில்லை; துடக்கு மட்டும் விசா இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்சை ஆருக்கண்ணை தெரியப்போகுது? போய் உருளுங்கோ."

"அம்மாவுக்குத் தெரியும்" என்றார்.

மறுநாள் காலை, சாமி சுற்றி முடிந்ததும் காற்று வாங்க வெளியே வந்தேன். மழை இல்லை, நல்ல குளிர். அண்ணை எதிர்ப்பக்க நடைபாதையில் நீளக் கோட்டோடு நின்றார். வீதியைக் கடந்து அவரிடம் போனேன்.

"கிட்ட வராதை. தொட்டா உனக்கும் துடக்கு. நீ பூசைக்குத் திரும்ப உள்ளை போகவேணும்" என்றார். பிறகு கேட்டார்: "சாமி சுத்தி முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை."

அப்போதுதான் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே வேட்டி தெரிந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டி அவருடைய காலடியில் தேங்கியிருந்தது. தலைக்குத் தோய்ந்து, ஈர வேட்டியைப் பிழியாமல் உடுத்திக்கொண்டு, அறையிலிருந்து அப்படியே நடந்து வந்திருக்கிறார். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன.

அவருடைய கையைப் பிடித்தேன். உதறப் பார்த்தார். நான் விடவில்லை. அன்று நான் திரும்ப உள்ளே போகவில்லை.