சுவரில் தொங்கும் மூடி

பரமத்தி வேலூர் பக்கத்தில் என் அக்காவுக்குக் கோழிப்பண்ணை. மக்காச்சோளம் அரைக்கும் மெஷினில் ஓடுகிற பெல்ட்டை மறைக்க மஞ்சள் பெயிண்ட் அடித்த இரும்பு மூடி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மெஷின் வந்து சில வருடங்கள் ஆகியும் மூடி புதுக்கருக்கு மாறாமல் சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஆயுத பூஜைக்கு அதை இறக்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மறுபடி ஆணியிலேயே மாட்டிவிடுவார்கள். மெஷின் மேல் மட்டும் அது ஏறுவதே இல்லை.

போன மாதம் அந்த பெல்ட் அக்காவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டது. பண்ணை வேலைக்குச் சேலைமேல் மாமாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வாள். துவைத்துத் துவைத்து நைந்த துணி. தோள்வரை கிழிந்து பெல்ட்டோடு போனது, கை பிழைத்தது. சேலத்திலிருந்து நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

“மூடியைப் போட்டுட்டு ஓட்ட மாட்டியாக்கா?” என்று கத்தினேன்.

“கிரீஸ் போட்டுட்டு பேரிங் சுடுதான்னு தொட்டுப் பாத்தேன். ரெண்டு நிமிச வேலைக்கு அத யாரு சாமி மாட்டிக் கழட்டறது?”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் மெஷினைச் சுற்றி வந்து பார்த்ததும் கோபம் அவளைவிட்டு அதை வரைந்தவன் மேல் திரும்பியது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் மெஷின் வரைவதுதான் என் பிழைப்பும். அதனால்தான் வயிறு எரிந்தது. சோளத் தூசியில் தினமும் கிரீஸ் கேட்கும் பேரிங்கைக் கொண்டுபோய் மூடிக்கு உள்ளே வைத்திருக்கிறான் மகராசன். மூடியைப் பிடிக்கும் போல்ட்டுகளோ ஒவ்வொன்றும் ஒரு சைஸ். கீழே இருப்பதைக் கழற்ற கோழி எச்சத்தில் மல்லாந்து படுக்க வேண்டும். தினமும் படுத்து எழ இவர்களுக்கு என்ன வேண்டுதலா?

கிரீஸ் ஏற்றும் முனையிலிருந்து ஒரு சின்னக் குழாயை மூடிக்கு வெளியே இழுத்துவிட்டிருந்தால் கதை முடிந்தது. மூடிக்கு ஒரு கீல் வைத்து, திறந்தால் மோட்டார் நிற்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வைக்கலாம். வரைகிறவர்களுக்கு நான் சொல்ல ஆசைப்படுவது இவ்வளவுதான்: பத்திரமான வழி எதுவோ அதுவே சுலபமான வழியாகவும் இருக்கட்டும். இல்லாவிட்டால் உங்கள் மூடி பூஜைக்குத்தான் ஆகும்.

மெஷின் செய்த கம்பெனிக்குப் போன் போட்டு விடாமல் திட்டினேன். மறுவாரம் டிசைன் பார்க்கிறவரே வந்து இறங்கினார். தேய்த்து மடிப்புக் கலையாத கம்பெனிச் சட்டை. மூடியைப் பார்த்ததுமே சொன்னார்: “மூடி போடாம ஓட்டுனா நாங்க என்னங்க பண்றது? தப்பு உங்க மேலதானுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அதை மாட்டிட்டு, அப்புறம் நீங்களே கழட்டிக் கிரீஸ் போட்டுக் காட்டுங்க” என்றேன்.

மாட்டினார். பிறகு தரையில் சாக்கை விரித்துப் படுத்துக் கழற்றினார். ஒரு போல்ட் கழன்று தீவனத்துக்குள் விழுந்தது. ஒருவழியாக மூடியை எடுத்து, வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த ஆணியிலேயே மாட்டினார். கிரீஸ் ஏற்றினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

“ஏனுங்க, மூடி செவுத்துலயே இருக்குதுங்களே?” என்றாள் அக்கா.

“ரெண்டு நிமிசந்தானுங்க, சும்மா ஓட்டிப் பாக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே, பேரிங் சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

அக்கா பாய்ந்துபோய் மெஷினை நிறுத்தினாள். வீங்கிய கையாலேயே அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“கைய எடுங்க சாமி! உங்குளுது புதுச் சட்டை, கிழியாது!”