வெய்னிஷெத்தின் ஆமாம்

வெய்னிஷெத்துக்கு எந்த மொழியிலும் வாய் கிடையாது. எங்கள் நாட்டுத் தெஸ்ஸேயில் பிறந்து, பெய்ரூத்தில் ஒரு வீட்டில் ஆறு வருஷம் பாத்திரம் தேய்த்து அரபியில் திட்டு வாங்கி, கடைசியில் டாக்ஸிக்காரன் தெஷோமெயைக் கட்டிக்கொண்டு வாஷிங்டனை ஒட்டிய எங்கள் அலெக்சாண்டிரியாவுக்கு வந்தவள். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை. கிழவர்களைக் குளிப்பாட்டும்போது அவர்கள் என்ன கத்தினாலும் சிரிப்பாள். எனக்கு அப்படிச் சிரிக்க வராது.

தெஷோமெ போன வருஷம் டாக்ஸியை விட்டான். முதுகுவலி என்றான். முதுகாவது வலியாவது! சர்க்கரை அவன் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும், அவன் முகத்துக்கு நேரே சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தினமும் மனைவியை வேலைக்கும், ஏழு வயசு மகள் மெக்லித்தைப் பள்ளிக்கும் கொண்டுபோய் விட்டான். போன வாரம் சிவப்பு விளக்கில் நிற்காமல் போய்விட்டான். ஒரு லாரி மயிரிழையில் மோதாமல் போனது. பின் சீட்டில் பிள்ளை அலறியிருக்கிறாள்.

"நாய் குறுக்க வந்துச்சுன்னு அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன் அக்கா. உண்மையைச் சொன்னா உடைஞ்சு போயிடுவாரு. நான் லைசென்ஸ் வாங்கிட்டேன்னா, 'நீங்க ரெஸ்ட் எடுங்க'ன்னு சாவியை வாங்கிடலாம்."

"உடையப்போறது அவனா, அந்தப் பிள்ளையாடி?" என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கத்திவிட்டு நானே ஓட்டவும் சொல்லிக்கொடுத்தேன், ஞாயிறுதோறும் பூசை முடிந்து, எங்கள் சர்ச்சின் கார் நிறுத்துமிடத்தில்.

ஓட்டுவதில் குறையில்லை. பதில் சொல்வதில்தான் வம்பு. எங்கள் ஊரில் 'ஆமாம்' சொல்ல வாயைத் திறக்கவே வேண்டாம். மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தால் போதும். பதற்றம் வந்தால் வெய்னிஷெத்துக்கு ஆங்கிலம் ஓடிவிடும், அந்த மூச்சு மட்டும்தான் மிஞ்சும்.

"மூச்சு இழுக்காதடி. 'யெஸ்'னு வாயால சொல்லு. புரிஞ்சுதா?"

மூச்சை இழுத்தாள்.

"விளங்கிடும்!"

மூன்றாவது தேர்வுக்கு அவள் காரில்தான் மூன்று பேரும் போனோம், அவள் ஓட்ட, நான் பக்கத்தில். லைசென்ஸ் ஆபீஸ் வாசல் பெஞ்சில் தெஷோமெ கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். "இன்னிக்கும் பெயிலானா வீட்டுக்கு நான்தான் ஓட்டுவேன். ஏற்கெனவே ரெண்டு தடவை பெயிலானவ. எனக்கு என் உசிரு முக்கியம்பா" என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் கார் திரும்பியது. தேர்வு அதிகாரி நல்ல மனுஷன்தான், ஆனால் முகம் வெளுத்திருந்தது. "நல்லாத்தான் ஓட்டுறாங்க. ஆனா என்ன சொன்னாலும் பயந்து மூச்சை இழுக்கிறாங்க. சிக்னல்ல இடதுபக்கம் திரும்பணும், தெரியுதான்னு கேட்டேன். இழுத்த இழுப்புல யாரோ வண்டிக்கு அடியில விழுந்துட்டாங்கன்னு 'நிறுத்து!'ன்னு கத்திட்டேன். நட்ட நடு ரோட்டுல நிறுத்திட்டாங்க."

"அது பயமில்ல சார். எங்க ஊர்ல அதுதான் ஆமாம்."

அவர் என்னையே பார்த்தார். "அடக் கடவுளே" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பாவமாத்தான் இருக்கு. ஆனா நடு ரோட்டுல நின்னதை நான் நிக்கலன்னு எழுத முடியாதேம்மா. மறுபடி வரச் சொல்லுங்க."

கார் பக்கத்தில் தெஷோமெ கையை நீட்டிக்கொண்டு நின்றான். "சாவி."

வெய்னிஷெத் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட என் நாக்கு துடித்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன். மறுநாள் காலையும் அந்தப் பிள்ளை பின் சீட்டில் ஏறுவாளே!

சாவி கைக்கு வரவில்லை என்றதும் அவன் குரல் இறங்கியது. "மெக்லித் தூக்கத்துல அழறா. அன்னிக்கு நாய் ஒண்ணும் வரலதானே? சிவப்புல போயிட்டேனா?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். கைக்கெட்டும் தூரத்தில், பட்டப்பகலில், கண்ணீர் வழிய வழிய ஆட்டினாள். அவன் காத்துக்கொண்டே நின்றான்.

"உன்னைத்தான் கேக்குறேன். சொல்லேன்டி."

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். ஆட்டுவதை நிறுத்திவிட்டு, மூச்சை உள்ளே இழுத்தாள்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு காரைத் தடவிக்கொண்டே நடந்து, பின்கதவின் கைப்பிடியைக் கண்டுபிடித்து ஏறினான். மகளின் குட்டி இருக்கை மேல் கை பட்டது. வீடு வரும்வரை அதை அவன் விடவில்லை.