எந்த லவ்?

இங்கிலாந்தின் வடக்கே, கடலோரம் இருக்கும் எங்கள் ஃப்ளீட்வுட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. எல்லாருக்கும் எல்லாரும் ‘லவ்’தான். டிராமில் ஏறினால் கண்டக்டர் ‘டிக்கெட், லவ்’ என்பான். மீன் கடைக்காரி ‘நல்ல மீனெல்லாம் தீந்துபோச்சு, லவ்’ என்பாள். பல் டாக்டர் இருக்கிறாரே, அவர் இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டே ‘வாயைப் பெரிசாத் திற, லவ்’ என்பார். அதில் காதலும் கிடையாது, கத்தரிக்காயும் கிடையாது. நாக்கில் ஒட்டிக்கொண்ட ஒரு சொல், அவ்வளவுதான். அந்தச் சொல்லால்தான் நாடு இரண்டுபட்டது. என் பக்கத்து வீட்டுக்காரி க்ளெனிஸ் நாற்பத்தோராயிரம் பேரிடம் வசவு வாங்கினாள். அதற்குப் பாதிக் காரணம் நான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் நோரீன். முடி வெட்டுகிறவள். வீட்டு முன்னறைதான் கடை. எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. பொய் இல்லை.

க்ளெனிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் சாப்பாடு போட்டவள். வயது அறுபத்து நாலு. இருபத்தைந்தில் ஒரு கல்யாணம் நடந்தது. இருபத்தேழில் முடிந்தது. அதைப் பற்றிக் கேட்டால், “இதோ பக்கத்துல, பிளாக்பூல் வரைக்கும் போயிட்டு வரேன்னான், இன்னும் வரலை” என்பாள். அவளுக்கு ராய் என்று ஒரு தம்பி. பக்கவாதம் வந்து, கடற்கரைச் சாலையில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் கிடக்கிறான். அக்கா ஊட்டினால்தான் வாயைத் திறப்பான். வேறு யார் கரண்டியை நீட்டினாலும் உதட்டைப் பூட்டிக்கொள்வான். மழையானாலும் புயலானாலும் மதியம் பன்னிரண்டுக்கு அவள் அங்கே இருப்பாள். அதற்காகவே பள்ளிக்கூட வேலையை விட்டாள்; பத்து வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

இவ்வளவு பொறுப்பான மனுஷிக்கு ஒரே ஒரு கிறுக்கு. ‘மறதிக் கவுண்டர்’ என்று டிவியில் ஒரு காமெடி. பஸ்ஸில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிற குடை, தொப்பி, பல்செட்டை எல்லாம் வாங்கி வைக்கும் கவுண்டர். அங்கே ஹெக்டர், வின்னி என்று இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். ஹெக்டருக்கு வின்னி மேல் ஆசை, அவளுக்கும் அவர் மேல் ஆசை. அது பஸ் டயருக்குக்கூடத் தெரியும். ஆனால் இருவரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இதையே பதினோரு வருடம் ஓட்டினார்கள், நாடும் உட்கார்ந்து பார்த்தது!

அதற்கு ஊர் ஊராக ரசிகர் சங்கம் வேறு. எங்கள் ஊர்க் கிளை மாதம் ஒருமுறை மெதடிஸ்ட் கோயில் கூடத்தில் கூடும். தனக்குச் சொந்தமில்லாத ஒரு குடையோடுதான் வரவேண்டும் என்பது சங்கத்து விதி. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் அதை விரிக்கக் கூடாது. ஐம்பது அறுபது பேர், கையில் குடையோடு, தொப்பலாக நனைந்து வந்து உட்காருவார்கள். தலைவர் நைஜல் பிக்கர்ஸ்டாஃப், கார் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியவர்களுக்குச் சீட்டு எழுதி ஓய்வு பெற்றவர். செயலாளர் க்ளெனிஸ்.

இனி க்ளிஃபர்ட் த்ரெல்ஃபால். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். மனைவி போய்ப் பதினாலு வருடம். வியாழக்கிழமை எட்டரை மணிக்குச் சுடச்சுட இரண்டு பொட்டலம் மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு க்ளெனிஸ் வீட்டுக் கதவைத் தட்டுவார். சோபாவின் இடது ஓரத்தில் அவர், வலது ஓரத்தில் அவள். நடுவில் ஒரு ஆள் படுக்கலாம். புது எபிசோடு இருந்தால் அது, இல்லாவிட்டால் பழசு. முடிந்ததும் “சரி, வரேன், லவ்” என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பதினோரு வருடம் இதேதான். அந்த சோபாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மார்ச் மாதம் கடைசி எபிசோடு வந்தது. அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். கவுண்டரை மூடிவிடுகிறார்கள். யாரும் கேட்டு வராத கடைசிக் குடையை வின்னி எடுத்து ஹெக்டரிடம் நீட்டுகிறாள். அவர் வாங்கிக்கொள்கிறார். “சரி, வரேன், லவ்” என்கிறார். பஸ் ஏறிப் போய்விடுகிறார். அவள் நிற்கிறாள். முடிந்தது.

க்ளெனிஸ் மூக்கைச் சிந்திக்கொண்டு, “நல்ல முடிவு. வாழ்க்கையில இப்படித்தான் ஆகும்” என்றாள். க்ளிஃபர்ட் சிப்ஸ் காகிதத்தை மடித்துக்கொண்டே, “ஆமா, நல்லாத்தான் முடிச்சிருக்கான்” என்றார். மற்ற ஊர்க்காரர்கள்தான் அப்படி விடவில்லை. லண்டன் பத்திரிகைக்காரர் ஒருவர், ஆங்கிலத்திலேயே இதைவிட உருக்கமாக எவனும் காதலைச் சொன்னதில்லை என்று அரைப் பக்கம் எழுதினார். தெற்கே ஒருவன் அந்தச் சொல்லைத் தோளில் பச்சை குத்திக்கொண்டான். ஒரு தாய், தன் பிள்ளை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, டிவி கம்பெனிதான் பொறுப்பு என்று கடிதம் போட்டாள். பிள்ளைக்கு வயது நாற்பத்தாறு. எங்கள் பக்கத்தில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். “டிராம் கண்டக்டர் தினமும் என்னை அப்படித்தான் கூப்பிடறான், அவன் என்னைக் கட்டிக்கப் போறானா?” என்று மீன் கடைக்காரி கேட்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், நல்ல முடிவு என்று சொன்ன அதே க்ளெனிஸ் சாமி வந்தவள் மாதிரி ஆடுகிறாள். கம்ப்யூட்டரில் ஒரு மனு போட்டிருந்தாள். இன்னும் ஒரே ஒரு எபிசோடு வேண்டும், பத்து நிமிஷம் போதும், ஹெக்டர் வின்னியிடம் வாயைத் திறந்து தெளிவாகச் சொல்லவேண்டும். ‘லவ் என்றால் எந்த லவ்?’ என்பது தலைப்பு. மனு காட்டுத்தீயாகப் பரவியது. ஒரு வாரத்தில் இருபதாயிரம் கையெழுத்து, அடுத்த வாரம் நாற்பத்தோராயிரம்.

“ஏண்டி, அன்னிக்கு நல்ல முடிவுன்னியே?”

“யோசிச்சுப் பாத்தேன். கோழைத்தனமான முடிவு.”

“டிவியில வர்ற ஆளுடி அவன்!”

“உனக்குப் புரியாது, நோரீன். நீ சீப்பை எடு, வேலையைப் பாரு.”

எனக்குப் புரியத்தான் இல்லை. அடுத்த வாரம் க்ளிஃபர்ட் முடி வெட்ட வந்தார். வழக்கமாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர் நாலாவது வாரமே வந்திருந்தார்.

“என்ன அவசரம், லவ்? எங்கயாவது கல்யாணமா?”

“இல்ல லவ். தெற்குக் கோடியில, பிளைமவுத் போறேன். மகள் வீட்டுக்கு. இந்த மாசக் கடைசியில.”

“விருந்துக்கா?”

“ஒரேயடியா. ஜனீனை அவ புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். ரெண்டு பொண்ணுங்க, சின்னஞ்சிறுசு. இவளுக்கு ஆஸ்பத்திரியில ஷிஃப்ட் வேலை. நான் போகலைன்னா முடியாது.”

என் கத்தரி நின்றுவிட்டது. “க்ளெனிஸுக்குத் தெரியுமா?”

“மூணு வாரத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேனே.”

“என்ன சொன்னா?”

“நல்லதுன்னா. எந்திரிச்சுப் போயி டீக்குத் தண்ணி வச்சா.”

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னது வியாழன். மனு கம்ப்யூட்டரில் ஏறியது வெள்ளி. அட மக்குப் பெண்ணே! அவர் காதோரம் கொஞ்சம் தாறுமாறாகப் போயிற்று. அவரை அனுப்பிவிட்டு ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

“நாப்பத்தோராயிரம் பேரைக் கேட்டியே, நாலு வீடு தள்ளி இருக்கற ஆளை ஒரு வார்த்தை கேட்டியாடி?” என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “வெளிய போ.”

“போறேன். ஆனா ஹெக்டர் வாயைத் திறக்கலைன்னு ஊரைக் கூட்டறியே, வின்னி மட்டும் என்னத்தைத் திறந்தா?”

கதவு என் மூக்கருகே படாரென்று சாத்திக்கொண்டது. நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் சங்கத்தின் அவசரக் கூட்டம். டிவி கம்பெனியிடமிருந்து பதில் வந்திருந்தது. எனக்குச் சங்கமும் கிடையாது, குடையும் கிடையாது. ஆனாலும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் க்ளிஃபர்ட். நைஜல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடிதத்தைப் படித்தார். ‘அந்தச் சொல் எழுத்தில் கிடையவே கிடையாது. எழுதியது “சரி, வரேன்” என்பது வரைக்கும்தான். நடிகருக்கு உங்கள் பக்கத்து ஊர். பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது. நாங்களும் கவனிக்கவில்லை.’

கூடம் அல்லோலகல்லோலப்பட்டது. ஒருத்தி குடையால் தரையை இடித்தாள். ஒரு கிழவர் “மோசடி! மோசடி!” என்று எழுந்து, மூச்சு வாங்கி உட்கார்ந்தார். நைஜல் மணியை அடித்து, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வாக்கெடுப்பு நடத்தலாம் என்று முன்மொழிந்தார். ஒருவர் வழிமொழிந்தார். கைகளை எண்ணினார்கள். நிஜமான லவ், இருபத்தேழு. சும்மா சொன்ன லவ், அதுவும் இருபத்தேழு.

“ஒருத்தர் கையே தூக்கலை,” என்றாள் க்ளெனிஸ். குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். “மிஸ்டர் த்ரெல்ஃபால், நீங்க எந்தப் பக்கம்?”

க்ளிஃபர்ட் எழுந்தார். தொப்பி கையில் சுழன்றது. “அது... சொன்ன ஆளுக்குத்தானே தெரியும்?”

“அப்ப சொன்ன ஆளையே கேக்கறேன். பதினோரு வருஷமா என்னைச் சொல்றீங்களே, அது எந்த லவ்?”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். நான் என் பங்குக்கு அவர் முழங்காலில் ஒரு இடி இடித்தேன்.

“முதல் வருஷம் தபால்காரனுக்குச் சொல்றதுதான்,” என்றார் மெதுவாக. “அதுக்கப்புறம் அது இல்ல.”

அவ்வளவுதான், கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. முன்வரிசையில் நாலு பேர் கட்டிப்பிடித்து அழுதார்கள். விதியை மறந்து எவனோ குடையைக்கூட விரித்துவிட்டான். நானும்தான் அழுதேன், மறைப்பானேன். நைஜல் மட்டும், “இது நிகழ்ச்சி நிரல்லயே இல்ல” என்று முனகினார்.

க்ளெனிஸ் யாரையும் பார்க்கவில்லை. “அப்ப போகாதீங்க,” என்றாள்.

“போகணும், க்ளெனிஸ். பிள்ளைங்களுக்கு வேற ஆள் இல்ல.” பிறகு, “நீங்க வரமுடியுமா?” என்று கேட்டார்.

“ராய்க்கு வேற ஆள் இல்ல,” என்றாள்.

கைதட்டல் ஓய்ந்துவிட்டது. யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. யாரோ டீ ஊற்றப் போனார்கள்.

சனிக்கிழமை காலை அவர் கிளம்பினார். வேனுக்குள் சாமான்களை ஏற்றியபின், தெரு முழுக்கப் பார்க்க, அவள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை, திரைச்சீலையைச் சும்மா ஒதுக்கினேன், அவ்வளவுதான். அன்று மதியம் பன்னிரண்டுக்கு அவள் ராய்க்கு ஊட்டப் போனாள். வந்து மனுவை வாபஸ் வாங்கினாள். கீழே இப்படி எழுதியிருந்தாள்: ‘சொல்லியாச்சு. அப்படியும் போகவேண்டியிருந்தது. ஹெக்டர் சொல்லியிருந்தாலும் பஸ் வந்திருக்கும். முடிவு சரிதான். எல்லாருக்கும் நன்றி.’

நாற்பத்தோராயிரம் பேரும் கொதித்துப்போனார்கள். துரோகி என்றார்கள், டிவி கம்பெனியிடம் விலைபோய்விட்டாள் என்றார்கள். வாபஸை வாபஸ் வாங்கு என்று ஒரு மனு கிளம்பியது. ‘த்ரெல்ஃபாலே, ஊருக்குத் திரும்பு’ என்று இன்னொன்று. அதில் மூவாயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், முதல் கையெழுத்து நைஜல். பிளைமவுத்தில் இருக்கிற ரசிகர்கள் அவர் வீட்டு வாசலில் குடையோடு நிற்பதாகக் கேள்வி.

அடுத்த வியாழக்கிழமை என்னை வரச் சொன்னாள். டிவி ஓடவில்லை. சோபாவின் நடுவில் உட்கார்ந்து எனக்கும் டீ ஊற்றினாள். கண் வீங்கியிருந்தது. எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை.

“நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நீ கேக்காமயே அவர் போயிருந்தா இவ்வளவு வலிச்சிருக்காது இல்ல?”

“வலிச்சிருக்கும்டி,” என்றாள். “ஆனா யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போறாரு, அதுக்குப் போயி நான் ஏன் அழறேன்னு நானே என்னைக் கேட்டுக்கிட்டு இருந்திருப்பேன். இப்ப அழ எனக்குப் பாத்தியதை இருக்கு.”