பையருக்கு வைத்த பன்னிக்கறி

பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நாள் முழுக்க நின்று நின்று என் கால் நரம்பெல்லாம் சுருண்டு போயிருந்தது. கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் சமையல்கட்டு வேலை கிடைத்தால் நடுநடுவே உட்காரலாம். அதைக் கேட்டு முதலாளியிடம் நடையாய் நடந்தேன். "பாக்கலாம் போம்மா" என்பதோடு சரி.

அப்படிப்பட்டவர் ஒருநாள் டேபிளுக்கே வந்து, "ஏனுங் அம்மிணி, நீங்க வேதக்காரங்கதானுங்களே? பன்னிக்கறி வைக்கத் தெரியுமுங்களா?" என்றார். அம்மிணியாம்! நான் கிறிஸ்தவள் என்பதும் அன்றைக்குத்தான் ஞாபகம் வந்திருக்கிறது. சரக்கு வாங்குவதற்குத் துருக்கியிலிருந்து பெரிய பையர் வருகிறாராம். "கறி நல்லா அமைஞ்சுதுன்னா கெஸ்ட் ஹவுஸ் கிச்சன் உங்களுக்குத்தானுங்க." துருக்கி எந்தத் திக்கில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. வெள்ளைத்தோல் என்றால் பன்னி தின்னும், அவ்வளவுதான் அவர் படிப்பு.

முன்பு வந்த லண்டன் பையர் விட்டுப்போன ஸ்லோ குக்கர் ஒன்று கெஸ்ட் ஹவுஸ் கிச்சனில் கிடந்தது. கரண்டில் சூடேறும் பீங்கான் சட்டி. விசில் கிடையாது, அவசரமும் கிடையாது. வெங்காயத்தை அடியில் பரப்பி, பூண்டும் மிளகும் சோம்பும் அரைத்துத் தடவிய தொடைக்கறியை முழுசாக வைத்துக் காலையிலேயே மூடினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. கொழுப்பு உருகி அதிலேயே வெந்தது. முதலாளி மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு வாசற்படியிலிருந்தே எட்டி எட்டிப் பார்த்தார். சாயங்காலம் எடுத்துத் தோசைக்கல்லில் புரட்டிச் சிவக்க வைத்தேன். கத்தி பட்டதும் விலகியது கறி. எனக்கே கர்வமாக இருந்தது.

பையர் முள்கரண்டியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டே என்ன கறி என்று கேட்டார். "சொல்லுங்க அம்மிணி" என்று முதலாளி என்னை முன்னால் தள்ளினார். "போர்க், சார்" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

கரண்டி தட்டில் விழுந்தது. "ஐ ஆம் முஸ்லிம்" என்றார் பையர், சத்தம் போடாமல்.

முதலாளி மூச்சு வாங்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "சாரி சார்! ஐ டோல்ட் சிக்கன். திஸ் லேடி ஃபுட். லேடி மிஸ்டேக்!" பழுதான பீஸைக் கழித்துப் போடுகிற செக்கிங்கில் இருப்பவளுக்கு மிஸ்டேக் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வாயைத் திறந்தேன். "போடி வெளிய" என்றார். பையர் என் பக்கம் திரும்பாமலே சாம்பிள் டி-ஷர்ட்டை எடுத்து விரித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

கேட்டைத் தாண்டுவதற்குள் வாட்ச்மேன் மிச்சக் கறியோடு குக்கரைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். "உள்ள யாரும் தொடமாட்டேங்கறாங்க. நீங்களே கொண்டு போயிரோணுமாமுங்க. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்னுட்டாருங்க."

அருள்புரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சட்டியில் இன்னும் சூடு இருந்தது. காலெல்லாம் கடுத்தது. மூடியைத் திறந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்கக் கையாலேயே பிய்த்துத் தின்றேன். அழுதுகொண்டே தின்றேன். பாழாய்ப்போன கறி, அவ்வளவு ருசியாக இருந்தது.